பழைய சைக்கிள்: சத்தத்தை வைத்துப் பழுதைக் கண்டுபிடிப்பது

ராயவரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையோரம் ஒரு கறுப்புச் சைக்கிள் நிற்கிறது. கறுப்பு என்று சொல்வது பழக்கத்தில்தான், பெயிண்ட் போய்ப் பல வருடம் ஆகிறது. பின் மட்கார்டில் பாதி இல்லை. அது அம்மாவுடையது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். அம்மா அப்போது கற்றுக்கொண்டவர்தான். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை என்று பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் ஏறினார், அப்புறம் அதையே விடவில்லை. பாரில் சின்ன சீட்டு போட்டு என்னை உட்கார வைக்கலாம், பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம் கட்டலாம். அதற்கு மேல் என்ன வேண்டும் என்பார்.

அந்தச் சைக்கிள் இன்றும் ஓடுகிறது. அதைக் கழற்றி மாட்டித்தான் நான் இந்த வேலையைக் கற்றேன். இப்போது எங்கள் தெருவிலும் சுற்று ஊர்களிலும் சைக்கிள் மக்கர் செய்தால் என்னிடம் கொண்டுவருகிறார்கள். செட்டிநாட்டில் இப்படிப்பட்ட சைக்கிள்களுக்குக் குறைவில்லை. பால், கீரை, கட்டட வேலை என்று தினமும் ஓடி, துடைக்கக்கூட ஆளில்லாதவை ஒரு வகை. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் இரண்டாம் கட்டுச் சுவரில் சாய்த்து வைத்தது வைத்தபடி நிற்பவை இன்னொரு வகை. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிளுக்கும் இங்கே சொல்வதில் நிறையப் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை பழைய சைக்கிளைச் சாகடிப்பது துரு இல்லை. எங்கேயோ ஒரு நட்டு தளர்ந்திருக்கும், அதோடேயே ஆறு மாதம் ஓட்டியிருப்பார்கள். இந்தச் சைக்கிள் அப்படியும் ஓடும், அதுதான் அதன் குணம். ஓடுகிறதே என்று விட்டுவிடுவதால் உள்ளே பால்ஸ் என்னும் எஃகுக் குண்டுகள் உருளும் கப்பும் கோனும் குழி விழுந்து போகின்றன. ஆகவே எண்ணெய்க் கேனை எடுப்பதற்கு முன்னால் எது ஆடுகிறது என்று பாருங்கள். பாதிப் பழுது அங்கேயே தெரிந்துவிடும்.

சாமான் அதிகம் வேண்டாம். ஸ்பானர் செட்டு ஒன்று, ஸ்க்ரூ டிரைவர், கனமான சுத்தியல், பழைய பல் பிரஷ், வேட்டித் துணி, கிரீஸ் டப்பா, தையல் மிஷின் எண்ணெய், கழுவுவதற்கு மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் கிடைக்காத ஊரில் டீசல். விளிம்பு வைத்த எவர்சில்வர் தட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். பால்ஸ் உருண்டு வாசலில் போனால் செம்மண்ணில் தேடி எடுக்க முடியாது. இதோடு, கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) மாட்டியிருக்கும் அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அந்த உயரத்துக்கு அறுத்த இரும்புக் குழாய் ஒன்று. அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

அடித்த காற்று காலையில் இல்லை

உடனே டயரைக் கழற்றாதீர்கள். வால்வு மூடியை எடுத்துவிட்டு, வால்வின் வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி எழும்பினால் ட்யூபில் குறை இல்லை, வால்வு ட்யூபில்தான். உள்ளே இருக்கும் சின்ன ஆணியை உருவிப் பாருங்கள். அதன் மேல் போட்டிருக்கும் ரப்பர் குழல் வெடித்திருக்கும், இல்லையென்றால் வெயிலில் பிசுபிசுத்து ஒட்டியிருக்கும். வருடக்கணக்கில் நின்ற சைக்கிளில் இது தொட்டாலே உதிர்ந்துவிடும். புதுக் குழலை நனைத்து, ஆணியின் தோள் வரை ஏற்றி மாட்டினால் வேலை முடிந்தது. அம்மா ஒரு துண்டு வால்வு ட்யூபைச் சுருக்குப் பையில் எப்போதும் வைத்திருப்பார்.

எச்சிலில் குமிழி வரவில்லையென்றால் பஞ்சர். நம் பக்கம் முக்கால்வாசி பஞ்சர் சீமைக் கருவேல முள்ளால்தான். முள் டயருக்குள் ஒடிந்து நிற்கும், வெளியே தெரியாது. ட்யூபுக்கு ஒட்டுப்போட்டு அப்படியே மாட்டினால் மறுநாள் அதே இடத்தில் மறுபடி குத்தும். டயரின் உட்புறத்தைப் பஞ்சால் ஒரு சுற்றுத் தடவுங்கள். முள் இருக்கும் இடத்தில் பஞ்சு நூல் இழுத்து நிற்கும். விரலால் தடவாதீர்கள், கருவேல முள் குத்தினால் இரண்டு நாள் கடுக்கும்.

ஓட்டை ட்யூபின் உள்பக்கத்தில், ரிம்மைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் அது முள் இல்லை. ரிம் நாடா இற்றுப்போய், போக்ஸ் கம்பியின் முனை குத்துகிறது. பழைய ட்யூபை நீளவாக்கில் கீறி ரிம் நாடாவாகச் சுற்றிவிடுங்கள். ரிம்மின் உள்ளே துரு பொரிந்திருந்தால் அதை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுச் சுற்ற வேண்டும்.

சொலுஷன் தடவியதும் அவசரப்பட்டு ஒட்டாதீர்கள். பளபளப்பு அடங்கி, புறங்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வர வேண்டும். நண்பகல் வெயிலில் டயரைக் கல் மாதிரி அடித்து நிறுத்துவதும் நல்ல ஒட்டைக் கிளப்பிவிடும்.

மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு தரம் ‘டக்’ என்கிறது

என்னிடம் வரும் சைக்கிளில் அதிகம் கேட்கும் சத்தம் இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ‘செயின் தேய்ஞ்சுபோச்சு’ என்று செயினை மாற்றிவிட்டு வருவார்கள், சத்தம் அப்படியே இருக்கும்.

இரண்டு கிராங்கையும் தரைக்கு இணையாக நிறுத்துங்கள். இரண்டு பெடலிலும் கை வைத்து ஒருசேர அமுக்குங்கள். கிராங்கை அரைச் சுற்றுச் சுற்றி மறுபடி அமுக்குங்கள். ஏதாவது ஒரு கிராங்க் ‘கிடுக்’ என்று சற்றே நழுவினால் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. இரண்டு கிராங்கும் நேர்கோட்டில் நிற்காமல் ஒன்று கொஞ்சம் தொங்கினாலும் அதே காரணம்தான். கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் இரண்டும் சேர்ந்து ஆடுகிறதா? அப்படியானால் காட்டர் பின்னில் குறை இல்லை, இரண்டு கிராங்கையும் இணைக்கும் நடு அச்சின் கப் தளர்ந்திருக்கிறது. இது இரண்டும் இல்லாமல், பெடல் கட்டை மட்டும் ஆடினால் பெடலுக்குள் இருக்கும் பால்ஸ் போய்விட்டது.

காட்டர் பின் மூன்று நூல் கனமுள்ள சின்ன ஆணி (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). ஒரு பக்கம் சாய்வாகச் சீவியிருக்கும். அந்தச் சீவிய முகம் அச்சில் உள்ள பள்ளத்தில் போய் இறுகி உட்காருவதால்தான் கிராங்க் நிற்கிறது. நட்டை முறுக்கி இழுத்தால் பின் இறுகும் என்று நினைக்கிறார்கள். அப்படி முறுக்கினால் மரைதான் போகும். பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டும், நட்டு அது வெளியே வராமல் பிடித்துக்கொள்ள மட்டும்.

அடிக்கும்போதுதான் அந்த இரும்புக் குழாய். கிராங்கின் கண்ணுக்கு அடியில், பின்னின் தலைக்கு நேர் எதிரே குழாயை முட்டுக் கொடுங்கள். முட்டில்லாமல் அடித்தால் ஒவ்வொரு அடியும் உள்ளே இருக்கும் பால்ஸ் வழியாகக் கப்பில் இறங்கிக் குழி விழும். எத்தனையோ நல்ல சைக்கிளின் நடு அச்சு, காட்டர் பின் மாற்றிய அன்றைக்கே கெட்டுப்போனதை நான் பார்த்திருக்கிறேன். தெருவோரத்தில் அவசரத்துக்கு அடிப்பவர்கள் யாரும் முட்டுக் கொடுப்பதில்லை. நீங்கள் கொடுங்கள்.

பழைய பின்னைக் கழற்றும்போது நட்டை முழுவதும் எடுக்காமல், பின்னின் முனையோடு சமமாக நிற்கும்வரை தளர்த்துங்கள். அதன் மேல் அடித்தால் மரை தப்பிக்கும். தயங்கித் தயங்கிப் பத்து அடி அடிப்பதைவிட, குறிபார்த்து ஓங்கி இரண்டு அடி நல்லது. புதுப் பின்னைச் செருகியதும் சீவிய முகம் முழுக்கப் பள்ளத்தில் படிகிறதா என்று வெளியே எடுத்துத் தழும்பைப் பாருங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் தழும்பு இருந்தால் அரம் வைத்து ராவி மறுபடி போட வேண்டும். வலதும் இடதும் எதிரெதிர்ப் பக்கமாகச் செருக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஒரே பக்கமாகச் செருகினால் கிராங்க் இரண்டும் நேர்கோட்டில் வராது. இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி முட்டுக் கொடுத்து ஒரு தட்டுத் தட்டி, நட்டை இறுக்குங்கள். இந்த இரண்டாவது தட்டலைச் செய்யாமல் விடுவதால்தான் ஒரு மாதத்தில் திரும்பவும் ‘டக்’ வருகிறது.

பெடலைக் கழற்ற வேண்டியிருந்தால், இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. எந்தப் பக்கமானாலும் ஸ்பானரின் மேல்முனை சைக்கிளின் முன்பக்கம் நோக்கிப் போனால் இறுகும், பின்பக்கம் போனால் கழலும். இடது பெடலைத் தப்பான பக்கம் முறுக்கி, கிராங்கின் மரையையே வழித்துவிட்டு வருபவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பெடல் சும்மா சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

பூட்டிய வீட்டிலிருந்து எடுத்த சைக்கிளில் இது சாதாரணம். மார்கழி விடியற்காலையில் தினமும் ஓடும் சைக்கிளிலும் வரும். பின் சக்கரத்தில் செயின் மாட்டும் பல் சக்கரம்தான் ஃப்ரீவீல். அதற்குள் சின்ன நாக்குகள் இருக்கின்றன. ஸ்பிரிங் தள்ளித் தள்ளி அவை பல்லில் மாட்டுவதுதான் நாம் கேட்கும் ‘கிர்ர்’ சத்தம். பழைய எண்ணெய் பிசினாகி நாக்கை ஒட்டிக்கொண்டால் அது எழும்பாது, நாம் மிதிப்பதெல்லாம் காற்றோடு போகும்.

பாதிக்கு மேல் இதற்குக் காரணம் தேங்காய் எண்ணெய். வீட்டில் கைக்கு எட்டுவது அதுதான், ஊற்றிவிடுகிறார்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். நாளாக நாளாகத் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். சக்கரத்தைப் படுக்க வைத்து, ஃப்ரீவீலின் இடுக்கில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுற்றிக்கொண்டே இருங்கள். முதலில் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் வழியும், பிறகு தெளியும். தெளிந்ததும் இரவு முழுக்க வடியவிட்டு, காலையில் தையல் மிஷின் எண்ணெய் ஏழெட்டுச் சொட்டு. கிரீஸ் மட்டும் வேண்டாம், அது நாக்கை மறுபடி ஒட்ட வைத்துவிடும். ஃப்ரீவீலைத் திறந்து பார்க்கும் ஆசை வரும். உள்ளே இருப்பது ஒரு நூல் பால்ஸ், கைகொள்ளாத அளவு. கழுவினாலே சரியாகிவிடுவதைத் திறக்காமல் இருப்பது நல்லது.

இதற்கு நேர் எதிர் நோவும் உண்டு. மிதிப்பதை நிறுத்தினாலும் பெடல் கூடவே சுற்றும், செயின் மேல்பக்கம் தொய்ந்து விழும். மருந்து அதேதான்.

செயின் கழன்றுகொண்டே இருக்கிறது

முதலில் தொய்வைப் பாருங்கள். நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஏறி இறங்க வேண்டும். அதிகமாக இருந்தால் பின் சக்கரத்தைப் பின்னால் இழுத்து மாட்டுங்கள். மாட்டும்போது சக்கரம் இரண்டு பக்கக் குழாய்க்கும் நடுவில் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்து இறுக்குங்கள்.

இழுக்க இடமில்லையென்றால் செயின் நீண்டுவிட்டது. ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணி எண்ணினால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அரை நூல் கூடினால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒரு நூல் கூடிவிட்டால் ஃப்ரீவீலின் பல்லும் சுறாப் பல் மாதிரி சாய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்றாவிட்டால் புதுச் செயின் பல்லின் மேல் ஏறி ஏறிக் குதிக்கும். கண்ணியை வெட்டி நீளத்தைக் குறைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. இரண்டு மாதத்துக்கு ஓடும், அதற்குள் முன்பல்லையும் தின்றுவிடும். செயினைவிட முன்பல் விலை கூட.

சக்கரம் ஆடுகிறது

‘வீல் பெண்டு’ என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டு வருவார்கள். இரண்டு வேறு விஷயங்களை அந்த ஒரு சொல்லில் சொல்கிறார்கள். சைக்கிளைத் தூக்கிப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். சுற்றும்போது ரிம் பாம்பு மாதிரி நெளிந்தால் அது கோட்டம், போக்ஸ் கம்பி வேலை. நிற்கும்போது ரிம்மைப் பிடித்து இடம் வலமாக ஆட்டினால் ‘கடகட’ என்கிறதா? அது சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் கோன் தளர்ந்தது. இரண்டும் இருந்தால் முதலில் ஹப். ஆடும் ஹப்பை வைத்துக்கொண்டு கோட்டம் எடுக்க முடியாது.

போன வருடம் கடியாபட்டியில் ஓர் ஆச்சி கூப்பிட்டுவிட்டார். வீட்டைச் சுத்தம் செய்யும்போது இரண்டாம் கட்டில் கிடைத்தது, அவர் அப்பச்சி மலேயாவிலிருந்து கொண்டுவந்த சைக்கிளாம். முன்னே நிறுத்திவிட்டு, “ஏத்தா, இது ஓடுமா? இல்லைனா காரைக்குடிக்குப் பழஞ்சாமான் கடைக்கு அனுப்பிடச் சொல்றாக” என்றார். டயர் இரண்டும் நொறுங்கியிருந்தது. ஆனால் முன் சக்கரத்தைச் சுற்றியதும் சத்தமே இல்லாமல் சுற்றியது. ஹப்பின் நடுவில் எண்ணெய் விடும் துளை, அதை மூடும் ஸ்பிரிங் வளையம் எல்லாம் அப்படியே இருந்தன. அந்தக் காலத்தில் யாரோ வாரம் ஒரு சொட்டு விட்டிருக்கிறார்கள். “ஓடும் ஆச்சி, ஒரு வாரம் கொடுங்க” என்று கொண்டுவந்தேன்.

இனி அந்த ஹப்பைக் கழற்றிய விதத்தைச் சொல்கிறேன், உங்கள் சைக்கிளுக்கும் இதே முறைதான். ஒரு பக்கத்து லாக் நட்டையும் கோனையும் மட்டும் கழற்றுங்கள், மறுபக்கத்தைத் தொடாதீர்கள். தட்டின் மேல் பிடித்து அச்சை உருவினால் பால்ஸ் கொட்டும். எண்ணுங்கள். பெரும்பாலான பழைய சைக்கிளில் முன் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்றரை நூல் பால்ஸ் 10, பின் ஹப்பில் இரண்டு நூல் பால்ஸ் 9, நடு அச்சில் இரண்டு நூல் பால்ஸ் 11. குறைந்திருந்தால் முன்பு யாரோ தொலைத்திருக்கிறார்கள், நீங்கள் சரியான எண்ணிக்கையைப் போடுங்கள்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தபின், பால்பாயின்ட் பேனாவின் முனையைக் கோனில் பால்ஸ் ஓடிய தடத்தில் மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத குழியில்கூட முனை தட்டி நிற்கும். தட்டாமல் வழுக்கினால் கோன் நன்றாக இருக்கிறது. ஆச்சியின் சைக்கிளில் நான்கு கோனில் மூன்று கண்ணாடி மாதிரி இருந்தன. பால்ஸ் மட்டும் சிலது மங்கியிருந்தது. மங்கியதை மட்டும் மாற்றக் கூடாது. பழையது தேய்ந்து இம்மியளவு சிறுத்திருக்கும், புதிது அத்தனை பாரத்தையும் தானே தாங்கி உடையும். மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

மலேயாவில் வாங்கிய சைக்கிளுக்கு இங்கே சாமான் கிடைக்குமா என்று ஆச்சிக்குக் கவலை. கிடைக்கும். காரணம், நம் நாட்டில் ஓடும் பெரிய சைக்கிள்கள் எல்லாம் அந்தச் சீமைச் சைக்கிளின் அளவிலேயே செய்யப்பட்டவை. 1949-ல் அம்பத்தூரில் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியபோது, ஹெர்குலிஸ் பெயரோடு அந்த அளவுகளும் இங்கே வந்தன. தொடங்கிய முருகப்பா குடும்பத்துக்குச் சொந்த ஊர் பக்கத்தில் பள்ளத்தூர்தான். 28க்கு 1½ டயர், அரை அங்குலக் கண்ணி, முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 கம்பி. இந்தக் கணக்கு மாறாததால்தான் தாத்தா காலத்துச் சைக்கிளுக்கு இன்றைக்கும் கடையில் போய்ச் சாமான் கேட்க முடிகிறது.

கப்பில் கிரீஸை அப்பி, பால்ஸை ஒவ்வொன்றாக அதில் பதித்து, அச்சைச் செருகிக் கோனை விரலால் திருகுங்கள். ஆட்டம் நிற்கும்வரை திருகிவிட்டு, இம்மி பின்வாங்கி, லாக் நட்டை இறுக்குங்கள். லாக் நட்டு இறுகும்போது கோனையும் கொஞ்சம் தள்ளும், ஆகவே முதல் தடவையிலேயே சரியாக வராது. மூன்று நான்கு தடவை ஆகும், பொறுமையாகச் செய்யுங்கள். முன் சக்கரத்தை மாட்டித் தூக்கிப் பிடித்தால், வால்வின் கனத்தில் சக்கரம் தானாகத் திரும்பி, வால்வு கீழே வந்து, தொட்டில் மாதிரி இரண்டு மூன்று ஆட்டம் ஆடி நிற்க வேண்டும். அப்படி ஆடாமல் சட்டென்று நின்றால் இறுக்கம் அதிகம்.

கோட்டம் எடுப்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது கை பழகி வர வேண்டிய வேலை. ரிம் இடப்பக்கம் நெளிந்தால் அந்த இடத்தில் வலப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, இடப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். ஒரே இடத்தில் முழுச் சுற்று வேண்டாம். கம்பியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள் துருப்பிடித்திருந்தால், அதற்கு முதல் நாளே எண்ணெய் விட்டு வைக்காவிட்டால் கம்பி முறிந்து கையோடு வரும். ஒயர் இல்லாமல் இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக் உள்ள பழைய சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மின் பக்கத்தில் பிடிக்காமல் உள்முகத்தில் பிடிக்கிறது. அதனால் கொஞ்சம் கோட்டம் இருந்தாலும் ஓட்டத்துக்குப் பாதகமில்லை. கால் அங்குலத்துக்குள் இருந்தால் நான் விட்டுவிடுவேன்.

பிரேக் பிடிக்கவில்லை

எத்தனை பேர் காலைத் தரையில் தேய்த்து நிறுத்திக்கொண்டு வருகிறார்கள்! மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிரேக் கம்பிகளின் ஒவ்வொரு மூட்டையும் ஆட்டிப் பாருங்கள். நாலு மூட்டில் ஆளுக்கு ஒரு நூல் தளர்ச்சி இருந்தால் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டாலும் கட்டை ரிம்மைத் தொடாது. நட்டுகளை இறுக்கி, கட்டைக்கும் ரிம்முக்கும் ஒரு நூல் இடைவெளி வைத்து அமையுங்கள். கட்டை உட்காரும் இரும்புக் கூட்டுக்கு ஒரு பக்கம் திறந்திருக்கும். ரிம் சுற்றிப் போகும் திசையில் மூடிய பக்கம் இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் வேகமாக வரும்போது பிரேக்கை அழுத்தியதும் கட்டை வழுக்கி வெளியே விழும்.

கட்டை கண்ணாடி மாதிரி இறுகியிருந்தால் உப்புத்தாளில் தேய்த்து முகத்தைப் புதுப்பியுங்கள். ரிம்மில் எண்ணெய் பட்டிருந்தால் அடுப்புச் சாம்பல் தொட்டுத் தேய்த்துத் துடையுங்கள். மழையில் இரும்பு ரிம் வழுக்கும், அதற்கு மருந்து இல்லை. நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே பிரேக்கை லேசாகப் பிடித்து, நாலைந்து சுற்றில் ரிம்மின் தண்ணீரை வழித்துவிட்டு, அப்புறம் அழுத்துங்கள்.

ஹேண்டில் நேராக வந்ததும் மாட்டிக்கொள்கிறது

முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால், நேர் வந்ததும் பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால், ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் தலைக் கப்பில் குழி விழுந்துவிட்டது. தளர்ந்த தலையோடு மேடு பள்ளத்தில் ஓட்டியதன் பலன். கப்பும் பால்ஸும் மாற்ற வேண்டும். குழி விழும் முன்பே பிடிக்க ஒரு வழி உண்டு. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், தலை நட்டின் மேல் ஒரு விரலை வைத்திருங்கள். விரலில் ‘டிக்’ என்று பட்டால் இன்றைக்கே இறுக்குங்கள்.

ஹேண்டில்பார் மேலே ஏற மறுத்தால் நடு போல்ட்டை நான்கு சுற்றுத் தளர்த்தி, மரக்கட்டை வைத்து ஒரு தட்டுத் தட்டுங்கள். உள்ளே பிடித்திருக்கும் ஆப்பு விடுபட்டு இறங்கும். சீட்டுக் குழாய் இறுகியிருந்தால் டீசல் விட்டு மூன்று நாள் பொறுங்கள், தினமும் ஒரு தட்டு.

துரு

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில், 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் உலோக அரிப்பைத் தனித் துறையாகவே வைத்து ஆராய்கிறார்கள். இரும்போடு தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துரு, உப்பும் சேர்ந்தால் இன்னும் வேகம். தொண்டிக் கடற்கரையில் நிற்கும் சைக்கிளையும் ராயவரத்துச் சைக்கிளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும். நம் காற்று வறண்டது. நம் சைக்கிளின் துரு பெரும்பாலும் மேல்தோல் துருதான். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவினால் அதோடு நிற்கும். மழையில் நனைந்த அன்று துடைத்து வைப்பது பெயிண்ட் அடிப்பதைவிடப் பயன் தரும். மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்து, உள்ளே கிரீஸ் இல்லாமல் கொடுக்கும் ‘புதுப்பித்த’ சைக்கிளை நான் வாங்கவே மாட்டேன்.

துருவில் பயப்பட வேண்டிய இடம் சிலதுதான். பின் மட்கார்டுக்குப் பின்னால் சேறு அடைந்து நிற்கும் குழாய், நடு அச்சுக் கூட்டின் அடிப்பக்கம், முன் ஃபோர்க்கின் தோள். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் இரும்பு இருக்கிறது. மொத்தென்றாலோ, செதில் செதிலாக உதிர்ந்தாலோ அங்கே நின்றுவிடுங்கள். ஃபோர்க்கின் தோளில் பெயிண்ட்டோடு சேர்ந்து மயிரிழை மாதிரி குறுக்குக் கோடு தெரிந்தால், அதைத் துடைத்துவிட்டு உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். கோடு மறைந்தால் பெயிண்ட் வெடிப்பு. மறையாவிட்டால் இரும்பு விரிந்திருக்கிறது. அதற்கு வெல்டிங் வேண்டாம், ஃபோர்க்கையே மாற்றுங்கள். ஓட்டத்தில் ஃபோர்க் முறிந்தால் முகம்தான் முதலில் தரையில் படும்.

அம்மாவின் சைக்கிளில் அந்தக் கோட்டை நான் ஓர் ஆடி மாதம் கண்டேன். கேரியரில் குடம் கட்ட அம்மா கயிறு எடுக்கப் போயிருந்தார். அன்று குடத்தை நான் தலையில் சுமந்து போனேன். மறுநாள் புது ஃபோர்க் வாங்கி மாட்டினேன். பழையதைத் தெருவில் வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதே என்று, ரம்பத்தால் நடுவில் இரண்டாக அறுத்த பிறகுதான் பழைய இரும்புக்காரரின் தராசில் வைத்தேன்.